எழுத்தை வளைக்கும் மகளுக்கு என்ன படிப்பு?

பள்ளி முடித்த மகள் கவிதை எழுதுகிறாள், எழுத்துகளையே வளைத்துப் படமாகவும் ஆக்குகிறாள், சித்தப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அவள் வரைந்த பக்கங்களையும் அனுப்பியிருந்தார். மழையைப் பற்றிய ஒன்றில் 'ழ'வின் வால் மட்டும் தாளின் அடிவரை ஒழுகுகிறது.

அம்மா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் மார்க் இருக்கிறது என்பதற்காக ஒரு படிப்பில் தள்ளுவது நியாயமில்லை. சித்தப்பாவுக்கு மரியாதை கொடுங்கள், விண்ணப்பத்தை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

கவிதையா ஓவியமா என்று அவளைக் கேட்பதையும் விடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்ததுண்டு. பாட்டின் எழுத்துகளைப் பாம்பு வடிவில் அடுக்கும் பழைய தமிழ்ச் சித்திரகவி நாகபந்தம்; அதில் பின்னிக்கிடக்கும் இரண்டு பாம்புகளும் இரண்டு வெண்பாக்கள். உடல்கள் வெட்டும் இடத்திலுள்ள எழுத்து இரண்டுக்கும் பொது. பிரான்ஸில் கவிஞர் அப்போலினேரின் பட வடிவக் கவிதைகள் 1918-இல் தொகுப்பாகவே வந்தன.

அனிமேஷன், கிராபிக் டிசைன் எல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாதது எழுத்துரு வடிவமைப்பு, அதாவது ஃபான்ட் செய்வது. கு, சு, து மூன்றிலும் உகரம் வேறு வேறு மாதிரி ஒட்டும். ஆனாலும் ஒரே கை எழுதியதாகத் தெரிய வேண்டும். மூன்று சுழி 'ண' போன் திரையில் சிறிதானால் சுழி அடைத்துக்கொள்ளும்; உள்ளே எவ்வளவு வெள்ளை விடுவது என்பதிலேயே ஒரு நாள் போய்விடும். மேல்வரி 'ழ'வின் வால் கீழ்வரி 'கி'யின் கொக்கியில் இடிக்கக் கூடாது. அப்புறம் எந்த எழுத்து எதோடு சேர்ந்தால் என்ன வடிவம் என்று விதி எழுத வேண்டும். அது கிட்டத்தட்ட கோடிங்தான், சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

வேலைகள் குறைவு, பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ். இதை மறைக்க மாட்டேன். ஆனால் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகம், நெதர்லாந்தின் ஹேக் கலை அகாடமி இரண்டிலும் இது முதுகலைப் படிப்பு. ஆகவே இப்போது இலக்கியமோ காட்சித் தொடர்பியலோ, செலவு குறைந்த ஓர் இளங்கலை போதும். கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் எவ்வளவு பெரிய பெயருள்ள டிசைன் கல்லூரியும் வேண்டாம். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

ஃபான்ட்ஃபோர்ஜ் இலவச மென்பொருள். சேர்க்கைக்கு முன் 12 உயிரும் 18 மெய்யும் அதில் வரையட்டும். 'ண'வைப் பத்தாவது முறை திருத்தும்போது அலுத்துவிட்டது என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.