அவசர எண் யாருடையது?

கேள்வி: எனக்கு 31 வயது. மனைவியும் இரண்டு வயது மகளும் இருக்கிறார்கள். நவம்பர் கடைசி வாரம் நானும் நண்பனும் சென்னையை அடுத்த கோவளத்தில் தொடங்கி, மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி வரை சர்ஃபிங் (பலகையில் நின்று அலைச்சறுக்கு) பயணம் போகிறோம். இருவருக்கும் இதுதான் முதல் முறை. வீண் கவலை வேண்டாமே என்று, ஐதராபாத்தில் அலுவலகப் பயிற்சி என வீட்டில் சொல்லியிருக்கிறேன். சர்ஃபிங் பள்ளியின் படிவத்திலும் அவசரத் தொடர்புக்கு நண்பனின் எண்ணையே கொடுத்துவிட்டேன். மூன்று நாட்களில் எங்கெங்கே இறங்கலாம், எங்கே தங்கலாம்?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தங்குமிடம் இருக்கட்டும் தம்பி. அந்த நண்பரும் உங்களோடு கடலில்தானே இருப்பார்? அவருடைய போன் கரையில், பைக்குள், துண்டுக்கு அடியில் கிடக்கும். உங்களுக்கு ஏதாவது ஆனால் பள்ளிக்காரர் அந்த எண்ணை அழைப்பார். பை அடிக்கும். எடுக்க ஆள் இருக்காது. இதைக்கூட யோசிக்காமல் படிவத்தை நிரப்பியிருக்கிறீர்கள் என்றால், மனைவியின் எண்ணைத் தவிர்ப்பதில்தான் உங்கள் புத்தி முழுவதும் போயிருக்கிறது.

வீண் கவலையாம்! மனைவி கவலைப்படுவார் என்று நீங்கள் பயப்படவில்லை. "பிள்ளையை என் தலையில் போட்டுவிட்டு விளையாடப் போகிறீர்களா?" என்று கேட்டுவிடுவாரே, அதற்குத்தான் பயம். கேட்கட்டுமே. நியாயமான கேள்விதான். கல்யாணமானவன் விளையாடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை மனைவிக்கு உண்டு. அதில் என்னிடம் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. கோவளத்தில் உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர்களில் பலர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். அலையோடு வளர்ந்த அவர்களே வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார்கள்.

மறைக்கிற மும்முரத்தில் மாதத்தையும் பார்க்கவில்லை. நவம்பர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிக்கு அருகில்தான். இந்தக் கரையில் அலை சீராக வருவது தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில். 2025இல் ஆசிய சர்ஃபிங் போட்டியும் மாமல்லபுரத்தில் ஆகஸ்டில்தான் நடந்தது. ஆனால் அது தேர்ந்தவர்களுக்கான அலை. முதல் முறை பலகையில் ஏறுகிறவர் பிப்ரவரி, மார்ச்சில், காற்று எழுவதற்கு முன் காலையிலேயே இறங்குவது நல்லது.

மூன்று நாளில் மூன்று ஊர் என்பதும் வேண்டாத ஆசை. பலகையில் எழுந்து நிற்கவே முதல் நாள் போய்விடும். தோள் வலியோடு மறுநாள் புதுச்சேரிக்கு வண்டி ஓட்டுவீர்களா? கோவளத்திலேயே இருங்கள். தாம்பரத்திலிருந்து காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். மனைவியும் மகளும்கூட வரலாம். நீச்சல் தெரியுமா என்று நீங்கள் எழுதவே இல்லை. தெரியாதென்றால் முதலில் நீச்சல் குளத்துக்குப் போங்கள். கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்துங்கள். பலகை கைவிட்டுப் போனால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள்.

படிவத்தை இன்றே திருத்துங்கள். மனைவியின் எண்ணை எழுதுவதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "இந்த வருடம் வேண்டாம்" என்று அவர் சொன்னால் பள்ளிக்கு முன்பணம் கட்டியிருந்தால் அது போனால் போகட்டும். அதைத் திரும்ப வாங்க வழி கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.