ஃபீல்ட் ட்ரிப் கூட்டிட்டுப் போனா பிள்ளைங்க நெசமாவே ஏதாச்சும் கத்துக்கிடுதா?

"சுற்றுச்சூழல் கல்வின்னு சொல்லி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போக ஸ்கூல்ல துட்டு கேக்காங்க, அங்க போயி பிள்ளை என்ன கத்துக்கப் போகுது, யூடியூப்ல காட்டினா போதாதா"ன்னு கேட்டிருக்கீங்க. நான் நாங்குநேரி பக்கம் ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கேன், இந்த மாதிரி ட்ரிப் ஏழெட்டு தடவ கூட்டிட்டுப் போயிருக்கேன். அதுல முதல் ட்ரிப்ப பத்தி கேட்டா, உங்க துட்டு தண்டம்னு நானே சொல்லிருவேன்.

அந்த முதல் தடவ ரெண்டு பஸ், நூறுக்கு மேல பிள்ளைங்க. ஒரே நாள்ல நெல்லையப்பர் கோயில், மணிமுத்தாறு அருவி, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் மூணையும் முடிச்சிரணும்னு பிளான். கூந்தன்குளத்துக்குப் போய் எறங்கும்போது மணி பன்னெண்டர, உச்சி வெயிலு. பஸ்ஸுல பாட்டு, எறங்குனதும் கூச்சல், ஒருத்தன் விசில் அடிக்கான், கரையில இருந்ததெல்லாம் பறந்து குளத்து நடுவுக்குப் போயிட்டு. "சார் வாத்து சார், கொக்கு சார்"னு ரெண்டு நிமிசம் பாத்துட்டு எல்லாப் பயலுவளும் ஐஸ் வண்டிகிட்ட போயிட்டானுவ. மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னா முக்கால்வாசி பேரு பரோட்டா சாப்பிட்டத எழுதியிருந்தாங்க. தப்பு அவங்க மேல இல்ல.

அடுத்த வருசம் ஒரே வேனு, இருவது பிள்ளைங்க, ரெண்டு டீச்சர், போறது கூந்தன்குளம் மட்டும், காலைல ஆறரைக்கெல்லாம் அங்க இருக்கணும்னு முடிவு பண்ணினோம். ஹெட்மாஸ்டர் "கொக்கு பாக்க ஒரு வேனா வேய்"னு சிரிச்சாரு, ஆனா கையெழுத்து போட்டுட்டாரு. மாசம் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழையில குளம் பெருகுன பொறவுதான் பறவைங்க வந்து சேரும், அதனால தை கடைசியில இருந்து பங்குனி வரைக்கும் போனா கூட்டுல குஞ்சோட பாக்கலாம். மே மாசம் லீவுல கூட்டிட்டுப் போயி குளத்துல தண்ணியில்லன்னு திரும்பி வந்த ஆளுங்களும் இருக்காங்க.

கூந்தன்குளத்தோட விசேசம் என்னன்னா சரணாலயமும் ஊரும் வேற வேற கெடயாது. 1994ல சரணாலயமா அறிவிச்சாங்க, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியலான ராம்சார் பட்டியல்லயும் வந்துட்டு, ஆனா அதுக்கெல்லாம் முன்னாடியே ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துல கூழைக்கடாவும் மஞ்ச மூக்கு நாரையும் கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிட்டு இருந்திருக்கு. கீழ பூரா வெள்ளையா எச்சம், மீன் வாடை வேற கொடலப் புடுங்கும். எங்க பிள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறதப் பாத்து வாசல் தூத்துக்கிட்டு இருந்த ஒரு ஆச்சி, "ஏ மக்கா, பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைவகிட்ட நாத்தம் பாக்க முடியுமா? இதுகளுக்காவத்தான் நாங்க தீவாளிக்கு வெடியே போடுறதில்ல, இந்த எச்சம் விழுந்த தண்ணிதான் வயலுக்கு உரம்"னாங்க. அரை மணி நேரமா நான் சொல்லிக்கிட்டு இருந்தது எதுவும் ஏறல, ஆச்சி சொன்னது ஏறிட்டு.

அப்புறம் ஒரு மரத்துக்கு எதிர்ல பேசாம உக்கார வச்சோம். பத்து நிமிசம் நெளிஞ்சாங்க, பொறவு அடங்கிட்டாங்க. தாய்க் கூழைக்கடா வந்து எறங்குச்சு, குஞ்சு அது வாய்க்குள்ள தலைய விட்டு கழுத்து வரைக்கும் உள்ள போயிட்டு, ஆறாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு பயந்து போயி "ஐயோ சார் முழுங்கிட்டு சார்"னா. முழுங்கல, தாய் வயித்துல கொண்டாந்து கக்குற மீன அது தோண்டி எடுக்குது. இத யூடியூப்ல காட்டியிருந்தா தள்ளிவிட்டுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பாங்க, இங்க அந்தக் குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடல.

ஆனா உண்மையச் சொன்னா இதுக்குக் கூந்தன்குளம் வரைக்கும் கூடப் போகணும்னு இல்ல. இப்ப நான் அதிகம் போறது ஸ்கூலுக்குப் பின்னால இருக்க குளத்துக்குத்தான், நம்ம பக்கம்தான் ஊருக்கு ஊரு குளம் கெடக்கே. டீ வடிகட்டிய ஒரு கம்புல கட்டிக்கிட்டு படித்துறை ஓரம் பாசியில அலசி, தட்டுல கொட்டிப் பாப்போம். முதல்ல சேறு மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் தெளிஞ்சதும் ஒவ்வொண்ணா நகரும். அதுல தட்டானோட குஞ்சு கெடைக்கும், அழுக்குக் கலர்ல, றெக்கையே இல்லாம, பாக்க சிலந்தி மாதிரி, ஆனா ஆறு காலோட. "இதுதான் தட்டான்"னா ஒருத்தனும் நம்பமாட்டான். கொசுப் புழு ஒண்ண அது பக்கத்துல விட்டா கொஞ்ச நேரம் சும்மா கெடக்கும், திடீர்னு மூஞ்சிக்குக் கீழ மடக்கி வச்சிருக்க ஒதடு கை மாதிரி நீண்டு புழுவப் புடிச்சி வாய்க்குள்ள இழுத்துக்கிடும். ஓடணும்னா பின்பக்கத்தால தண்ணியப் பீச்சி சர்ருனு முன்னால போகும். "சார் குசு விட்டே ரேஸ் போகுது"ன்னு ஒரு பய கத்துனான், அன்னைக்கு கிளாஸ் அதோட முடிஞ்சிட்டு, ஆனா வருசக் கடைசிலயும் அவனுக்கு அது மறக்கல. கோரைத் தண்டுல தட்டான் கழட்டிப் போட்ட சட்டையத் தேடிக் கொண்டாந்து மேசையில வைக்குற பிள்ளைங்க கூட இருக்கு.

நீங்க துட்டு கட்டுறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல சிலத கேளுங்க. ஒரு நாள்ல எத்தன எடம், மூணு நாலுன்னு சொன்னா அது டூர்தான், ஜாலிக்கு அனுப்புங்க. எத்தன மணிக்கு அங்க எறங்குவாங்க. பத்துப் பிள்ளைக்கு ஒரு டீச்சராவது வாராங்களா. பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பாத்ரூம் எங்கன்னு முதல்லயே பாத்து வச்சிருக்காங்களா, இத யாரும் யோசிக்கறதே இல்ல, பிள்ளைங்க பாவம் காலைல இருந்து தண்ணி குடிக்காம வரும். களக்காடு முண்டந்துறை பக்கம்னா அது புலிகள் காப்பகம், ஃபாரஸ்ட்ல பர்மிஷன் வாங்கியாச்சான்னும் கேட்டுக்கோங்க.

குளத்துக்கு நீங்களே பிள்ளையக் கூட்டிட்டுப் போறதா இருந்தா மடைப் பக்கம் மட்டும் விடாதீங்க, பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணி தெறந்திருந்தா மேல ஒண்ணும் தெரியாது, அடியில இழுக்கும். படித்துறையில முழங்காலுக்குக் கீழ தண்ணி இருக்க எடம் போதும். பிடிச்சதையெல்லாம் திரும்ப அங்கயே விட்டுரணும். எவர்சில்வர் தட்டு வேண்டாம், வெயில் பட்டு கண்ணு கூசும், பூச்சி ஒண்ணும் தெரியாது, பழைய வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா இருந்தா அத எடுத்துக்கோங்க.