ஆசாரி பதில்கள்: பெட்டியில் வந்த பீரோ

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: அட்டைப்பெட்டியில் பலகையாக வந்து, வீட்டில் நாமே இணைத்துப் பூட்டிக்கொள்கிற கட்டிலும் அலமாரியும். நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரி ஐயா, ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு ஐந்து டிராயர் வைத்த துணி அலமாரி வாங்கினோம். நானும் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டினோம். மேலே இருக்கிற இரண்டு டிராயரைச் சேர்த்துத் திறந்தால் முன்னால் சாய்கிற மாதிரி இருக்கிறது. பையனுக்கு இரண்டரை வயது. பொருள் மட்டமா, நாங்கள் பூட்டியது தப்பா?
*ஒரு வாசகி, மேடவாக்கம்*

அம்மா, முதலில் பையனை அந்த அறைக்குள் விடாமல் கதவைச் சாத்துங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

பொருளும் மட்டமில்லாமல் இருக்கலாம், நீங்கள் பூட்டியதும் சரியாக இருக்கலாம். அப்படியிருந்தும் அது சாயும். நம் பழைய ஸ்டீல் பீரோவை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்தாலும் உள்ளே இருக்கிற சேலையும் வேட்டியும் தட்டிலேயேதான் இருக்கும். டிராயர் அப்படி இல்லை, இழுக்க இழுக்கச் சுமையே ஒரு அடி வெளியே வந்துவிடுகிறது. பின்பக்கம் என்ன இருக்கிறது? மூன்று மில்லி பலகை ஒன்று, எடையே கிடையாது. தராசில் ஒரு தட்டை மட்டும் நிரப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அதன் மேல் ஒரு குழந்தை கீழ் டிராயரைப் படியாக நினைத்து ஏறினால் கேட்கவே வேண்டாம்.

பெட்டியில் ஸ்க்ரூ பொட்டலங்களோடு இன்னொரு சின்னப் பொட்டலம் வந்திருக்கும். ‘எல்’ மாதிரி வளைந்த தகடு, இல்லையென்றால் வெள்ளை நைலான் பட்டை. சுவரோடு அலமாரியைப் பிணைக்கத்தான் அது. எங்கே வைத்தீர்கள்? நான் வேலைக்குப் போகிற வீடுகளில் பத்துக்கு எட்டில் அது அலமாரியின் தலையில் இருக்கிறது, பிரிக்காத உறையோடு, ஒட்டடை படிந்து, வேலை செய்யாத ரிமோட்டுக்குப் பக்கத்தில்.

இது ஆசாரியின் வீண் பயம் இல்லை. 2016 ஜூனில் ஐகியா என்கிற ஸ்வீடன் மரச்சாமான் கம்பெனி அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மால்ம் என்கிற வரிசை அதில் முக்கியமானது. சுவரில் பிணைக்காத அலமாரி மேலே விழுந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். 2022 டிசம்பரில் அங்கே இதற்கென்று சட்டமே வந்தது. 2023 செப்டம்பர் முதல் தயாராகும் துணி அலமாரிகள் டிராயரைத் திறந்து, உள்ளே எடை வைத்து, 27 கிலோ வரை உள்ள குழந்தை தொங்குவது மாதிரி இழுத்துப் பார்க்கும் சோதனையில் விழாமல் நிற்க வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மகன் வீட்டில் இதே மாதிரி ஒன்றை நான்தான் பூட்டினேன். “சுவரில் அப்புறம் அடிச்சுக்கலாம்ப்பா” என்றான், சரி என்று விட்டுவிட்டேன். பேத்திக்கு அப்போது மூன்று வயது. மேலே இருந்த உண்டியலை எடுக்கக் கீழ் டிராயரில் ஏறி நின்றிருக்கிறாள். நான் வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சடசடவென்று ஒரு சத்தம். அலமாரி சாயும்போது மூடியிருக்கிற டிராயர்களும் தானாக வழுக்கி வெளியே வரும், அந்தச் சத்தம் அது. ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்குத் தோள்பட்டையில் ஒரு மாதம் வலி. அன்று சாயந்திரமே துளை போட்டேன். நாற்பது வருஷம் உளி பிடித்தவன் செய்த காரியம் இது, அதனால் உங்களை நான் குறை சொல்லவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. அலமாரியைக் காலி செய்யுங்கள். மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் கழுவிவிடும் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள். அந்த வாட்டம் முன்பக்கமாக இருந்தால் அலமாரி பிறந்ததிலிருந்தே சாய்ந்துதான் நிற்கிறது. முன் கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் சக்கை கொடுத்து நேர் செய்யுங்கள்.

அடுத்தது ஸ்கர்டிங். சுவரடியில் ஓடுகிற அந்த டைல் பட்டை பத்து மில்லி துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அலமாரியின் முதுகு சுவரில் ஒட்டாது. அந்த இடைவெளியில் தகட்டை வளைத்து முறுக்காதீர்கள். அதே கனத்தில் ஒரு ரீப்பர் துண்டை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தைச் சுவரில் அடித்து, தகட்டை அதன் மேல் முடுக்குங்கள். சுவர்ப் பூச்சே பன்னிரண்டு மில்லிக்கு மேல் இருக்கும், அதில் மட்டும் மாட்டிய ஸ்க்ரூ ஒரு இழுப்புக்கு உதிர்ந்துவிடும். துளைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போக வேண்டும், ரீப்பர் கனத்தையும் சேர்த்து அதற்கு ஏற்ற நீள ஸ்க்ரூ வாங்குங்கள். தகட்டின் மறுமுனையை அந்த மூன்று மில்லி முதுகுப் பலகையில் முடுக்காதீர்கள், பக்கப் பலகையிலோ மேல் பலகையிலோ முடுக்குங்கள். புது அடுக்குமாடியில் சாம்பல் நிற லேசான பிளாக் சுவர் என்றால் அதற்கென்று தனி பிளக் இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் சுவரைச் சொல்லிக் கேளுங்கள்.

கனமான துணியைக் கீழ் டிராயரில் வையுங்கள். மேலே டி.வி. வேண்டாம், பொம்மை வேண்டாம், பிஸ்கட் டப்பா வேண்டவே வேண்டாம்.

வாடகை வீடு. ஆணி அடித்தாலே ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பேன் என்கிறார். டபுள் டேப் ஒட்டி நிறுத்தலாமா?
*ஒரு வாசகர், சரவணம்பட்டி, கோவை*

டேப் சுண்ணாம்பையும் பெயின்ட்டையும்தான் பிடிக்கும் தம்பி, சுவரைப் பிடிக்காது. இழுத்தால் பெயின்ட்டோடு உரிந்து வரும். ஓனரிடம் நேரே போய், “குழந்தை இருக்கிற வீடு, ரெண்டு துளை போடுகிறேன், காலி செய்யும்போது நானே பட்டி பார்த்துக் கொடுக்கிறேன்” என்று கேளுங்கள். ஆறு மில்லித் துளையை அடைக்க ஒரு கைப்பிடி ஒயிட் சிமென்ட் போதும். அப்படியும் மறுத்தால் டிராயர் அலமாரியே வாங்காதீர்கள். இடுப்பு உயரத்துக்குக் குறைவான, கதவு மட்டும் வைத்த அலமாரி பாருங்கள். அதுவும் விழாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் படிக்கட்டாக மாறாது.

புதுக் கட்டிலும் வார்ட்ரோபும் வந்து பத்து நாள் ஆகிறது. கதவைத் திறந்தால் கண் எரிகிறது, மூக்கில் காரம் ஏறுகிறது. கற்பூரம் வைத்தேன், சாம்பிராணி போட்டேன், போகவில்லை. இதனால் உடம்புக்கு ஏதாவது வருமா?
*ஒரு வாசகி, மதுரை*

கற்பூரத்தையும் சாம்பிராணியையும் முதலில் நிறுத்துங்கள். ஒரு நெடியின் மேல் இன்னொரு நெடியைப் போர்த்துகிறீர்கள், அவ்வளவுதான்.

மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்தினால் பார்ட்டிகிள் போர்டு. நாராக அரைத்து அழுத்தினால் எம்.டி.எஃப். அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு, அதிலிருந்து கசிகிற வாயுதான் கண்ணில் படுகிறது. 2004-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்காக ஒரு வார்ட்ரோபால் வியாதி வந்துவிடும் என்று பயந்து உட்காராதீர்கள். எவ்வளவு கசிகிறது, எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. பலகையில் இ-1 என்று போட்டிருந்தால் கசிவுக்கு வரம்பு வைத்துச் செய்தது என்று பொருள். கடைக்காரரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

மதுரை வெயில் உங்களுக்கு எதிரி. சூடும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுப் படுத்தால் அறை நிறைய அதுதான். கதவுகளையும் டிராயர்களையும் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து, மின்விசிறியை வெளியே தள்ளுகிற மாதிரி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம், கைக்குழந்தை கண்டிப்பாக வேண்டாம். இன்னொன்று: அலமாரியின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மூடாமல் விட்ட வெட்டு முனை சொரசொரவென்று கையில் படும். அதிகம் கசிவது அங்கேதான். அதன் மேல் விளிம்பை மூடுகிற எட்ஜ் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்தும் கண் எரிந்தால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீடு மாற்றும்போது லாரி ஆட்கள் கழற்றிப் பூட்டினார்கள். இப்போது வார்ட்ரோபு ஆடுகிறது. ஸ்க்ரூவைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
*ஒரு வாசகர், திருப்பூர்*

வேண்டாம். தேக்கில் ஒரு ஸ்க்ரூவை நாலு தரம் கழற்றி மாட்டினாலும் நார் பிடித்துக்கொள்ளும். பார்ட்டிகிள் போர்டில் நார் ஏது? அது உப்புமா மாதிரி, ஒரு தரம் அச்சு விழுந்தால் விழுந்ததுதான். ஒவ்வொரு தரம் கழற்றும்போதும் துளையிலிருந்து கொஞ்சம் தூள் உதிரும்.

துளையை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையை உள்ளே விட்டு, மூங்கில் பல்குச்சிகளைப் பசையில் தோய்த்து இறுக்கமாக அடையுங்கள். தலையை வெட்டிவிட்டு ஒரு முழு நாள் காயவிடுங்கள். ஸ்க்ரூவை விட மெல்லிய பிட்டால் துளை போட்டுக் கையால் முடுக்குங்கள். மெஷின் வேண்டாம், அதுதான் போனமுறை உங்கள் துளையைத் தின்றிருக்கும். அரை வட்டமாகத் திரும்பி இறுகுகிற கேம் லாக் உடைந்திருந்தால் கடையில் தனியாகக் கிடைக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு காட்டி வாங்குங்கள். முதுகுப் பலகையை மறுபடி அடித்தார்களா என்றும் பாருங்கள். அலமாரி ஆடாமல் சதுரமாக நிற்பதே அந்த மெல்லிய பலகையால்தான். லாரி ஆட்கள் பெரும்பாலும் நாலு மூலையில் நாலு ஆணியோடு முடித்துவிடுவார்கள். சாணுக்கு ஒன்றாவது அடியுங்கள்.

கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த கட்டில். புரண்டு படுத்தாலே கிறீச் என்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். உடனே பதில் வேண்டும்.
*பெயர் வேண்டாம் என்றவர்*

புரிகிறது. நடுச்சட்டத்துக்கு அடியில் ஒரு ஒற்றைக் கால் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், அநேகமாகத் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கீழே இருக்கிற திருகைச் சுற்றி இறக்குங்கள். குறுக்குச் சட்டங்கள் உட்காரும் இடத்தில் பழைய வேட்டியைக் கிழித்து ஒட்டுங்கள். எல் சாவியால் எல்லா போல்ட்டையும் முடுக்குங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம். மாமனாரிடம் சொல்ல வேண்டாம்.

கடையில் பார்த்தால் எல்லாமே பளபளவென்று ஒரே மாதிரி இருக்கிறது. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?
*ஒரு வாசகி, நாகப்பட்டினம்*

‘தேக்கு ஃபினிஷ்’ என்றால் தேக்கு இல்லை, தேக்கின் படம் அச்சடித்த தாள். ‘இன்ஜினியர்டு வுட்’ என்றால் எதுவாகவும் இருக்கலாம், பார்ட்டிகிள் போர்டா எம்.டி.எஃப்.பா ப்ளைவுட்டா என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வையுங்கள். டிராயரை முழுக்க வெளியே உருவித் திருப்பிப் பாருங்கள். அடிப்பலகை பள்ளம் எடுத்து நுழைத்திருந்தால் நல்லது. அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டியிருந்தால் நாலு ஜீன்ஸுக்குத் தாங்காது. எட்ஜ் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், தூக்கினால் வேண்டாம். மேல் தாள் ஒட்டியே வரும் பார்ட்டிகிள் போர்டுக்கு ஐ.எஸ். 12823, அலமாரிக்கு ஐ.எஸ். 17634, கட்டிலுக்கு ஐ.எஸ். 17635 என்று பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரநிலைகள் இருக்கின்றன. முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள், விற்பவர் முழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் ஊரில் உப்புக்காற்றும் மழைத் தண்ணீரும் உண்டு. கால் இல்லாமல் தரையோடு உட்காரும் அலமாரி வேண்டாம். மாப் போட்டுத் துடைக்கிற தண்ணீரே அடிவிளிம்பை ஊறிய ரஸ்க் மாதிரி ஆக்கிவிடும், ஊதியது திரும்ப இறங்காது. நாலு அங்குல பி.வி.சி. கால் வைத்ததாகப் பாருங்கள்.

இப்படிப் பலகையாகப் பிரித்து விற்கிற யோசனை யாருடையது? ஆசாரியாக இருந்துகொண்டு நீங்கள் இதற்கு வக்காலத்து வாங்கலாமா?
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

1956-இல் ஸ்வீடனில் ஐகியாவில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேசை காருக்குள் நுழையவில்லை என்று அதன் காலைக் கழற்றினார், அங்கே ஆரம்பித்தது என்பார்கள். நம் ஊர்த் தேக்குக் கட்டில் மட்டும் என்னவாம்? தலைமாடு, கால்மாடு, இரண்டு சட்டம் என்று நாலாகக் கழன்றுதானே மாட்டுவண்டியில் போனது. வக்காலத்து எல்லாம் இல்லை. தேக்கு விலைக்குக் கட்டில் செய்யச் சொல்லிக் கேட்கிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். இந்தப் பெட்டி அலமாரியைச் சரிசெய்யக் கூப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர்.

நான் படுப்பது என் அப்பா செய்த கட்டிலில். அதன் ஒரு காலுக்கு அடியில் மட்டும் பத்து வருஷமாக ஒரு மடித்த அட்டைத் துண்டு இருக்கிறது.