அந்தஸ்து போனால் பாகிஸ்தானுக்கு என்ன நஷ்டம்?

கேள்வி: பாகிஸ்தானின் 'நேட்டோ சாராத முக்கியக் கூட்டாளி' அந்தஸ்தைப் பறிக்க அமெரிக்க காங்கிரஸில் அடிக்கடி மசோதா வருகிறதே, நிறைவேறினால் என்ன ஆகும்?

பதில்: 2004இல் ஜார்ஜ் புஷ் கொடுத்த அந்தஸ்து அது. போர் மூண்டால் அமெரிக்கா ஓடி வரும் என்ற உறுதி அதில் கிடையாது. உபரி ராணுவத் தளவாடங்களில் முன்னுரிமை, ஆய்வுக்கு இரவல் கருவிகள் போன்ற சலுகைகள்தான். ஆகவே ராணுவத்துக்குப் பெரிய அடி இல்லை, கௌரவத்துக்குத்தான் அடி.

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டி பிக்ஸ் 2019இலும் 2023இலும் கொண்டுவந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை. அவற்றின்படி, பறித்த அந்தஸ்தைத் திருப்பித் தர வேண்டுமானால், தாலிபானோடு சேர்ந்த ஆயுதக் குழுவான ஹக்கானி குழுவின் புகலிடங்களை பாகிஸ்தான் ஒடுக்குகிறது, அதன் தலைவர்களைக் கைது செய்ய முனைகிறது என்று அதிபர் சான்றளிக்க வேண்டும். இதுதான் நிபந்தனை.

சரி, அந்தக் குழுவின் தலைவர் எங்கே? சிராஜுதீன் ஹக்கானி 2021இலேயே காபூலில் தாலிபான் அரசின் உள்துறைப் பொறுப்புக்கு வந்துவிட்டார். பின்லேடன் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் கொல்லப்பட்ட 2011இலேயே இப்படியொரு நிபந்தனை வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று, அந்தஸ்தை ரத்து செய்ய மசோதாவே தேவையில்லை. காங்கிரஸுக்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் அதிபரே செய்யலாம். 2022இல் ஆப்கானிஸ்தான் விஷயத்தில் பைடன் அப்படித்தான் செய்தார்.