ஆண் துணை இல்லாத வளர்ப்பு ஆமை முட்டை போட்டிருக்கிறது, என்ன செய்ய?

முதலில் முட்டையை விடுங்கள், ஆமையைப் பாருங்கள். சாப்பிடுகிறதா? நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா? பின்னங்காலால் இன்னும் எதையாவது தோண்டப் பார்க்கிறதா? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் முட்டையைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் கேட்டிருப்பது இது. வீட்டில் ஒரே ஒரு ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, ஆண் இல்லாமலே கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் நான்கு முட்டை போட்டிருக்கிறது. குஞ்சு பொரிக்க வைக்கலாமா என்பது உங்கள் ஆசை. ஆமையையே கோயில் குளத்தில் விட்டுவிடு என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. நானும் இதே நிலையில் நின்றவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது ரெட் இயர்டு ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். நம்மூர் மீன் கடைகளில் நாணய அளவுக் குட்டியாக விற்பது அதுதான். ஒருவேளை தொட்டியில் இல்லாமல் தரையில் நடக்கிற, ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் உள்ள ஆமையாக இருந்தால் என் பதில் வேறு. நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது மிக அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம், குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறை. நம் ஏரிகளில் இருக்கும் பாலாமைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. உங்களுடையது இந்த இரண்டில் ஒன்று என்றால் முட்டையைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இனி எழுதுவது ஸ்லைடருக்கு மட்டும்.

சேவல் இல்லாத வீட்டில் கோழி முட்டை போடுகிறதல்லவா, இதுவும் அப்படித்தான். பெண் ஸ்லைடர் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பருவத்துக்கு வரும். ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் உடம்பு முட்டை உண்டாக்கும். அந்த முட்டையில் கரு இருக்காது. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. எப்போதாவது ஆணோடு ஒரே தொட்டியில் இருந்திருந்தால், அந்த விந்தை உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருந்து பிறகு கருவுள்ள முட்டை போடவும் இந்த இனத்தால் முடியும். குட்டியிலிருந்தே தனியாக வளர்ந்தது என்றால் அந்தக் கவலை வேண்டாம்.

என் ஆமையின் பெயர் செல்லி. என் தம்பி வளர்த்தது. அவன் வேலைக்குத் துபாய் போனபோது எங்கள் சென்னை வீட்டுக்கு வந்தது. ஆமை வளர்ப்பதே பாவம், கூண்டில் அடைக்கிறீர்கள் என்று சொல்ல வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை நான் கடையில் வாங்கவில்லை, யாருக்கும் வாங்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வந்துவிட்ட ஒரு உயிரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு ஏப்ரல் மாதம் செல்லி சாப்பிடுவதை நிறுத்தியது. நெத்திலி என்றால் பாய்ந்து வரும் ஆமை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரவெல்லாம் கண்ணாடியைப் பிராண்டும் சத்தம். தரையில் விட்டால் நேராக பால்கனிக்குப் போய் பூந்தொட்டிகளுக்கு நடுவில் பின்னங்காலை மாற்றி மாற்றி இழுக்கும். பின்னங்கால் மடிப்புப் பக்கம் உடம்பு உப்பியிருந்தது. அது இடம் தேடுகிறது என்று எனக்குப் புரிந்தது.

பக்கத்தில் நாய், பூனை பார்க்கிற ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் கையால் தொடக்கூட இல்லை. வைட்டமின் சொட்டு மருந்து எழுதினார். முட்டையாக இருக்குமோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஆண் இல்லாம எப்படிம்மா முட்டை வரும்?" என்றார். ஐந்தாண்டு படித்த ஒருவர், கோழி வளர்க்கிற எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விஷயத்தை என்னிடம் மறுக்கிறார். எல்லா மருத்துவர்களையும் சொல்லவில்லை. ஆமை பார்த்துப் பழக்கமில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்போதே வேறு இடம் போயிருப்பேன். அந்தச் சொட்டு மருந்துக்குக் காத்திருந்த நாட்கள் செல்லிக்கு வலி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விசாரித்து, ஊர்வன பார்க்கிற இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் எடுத்ததே எக்ஸ்ரேதான். ஓட்டுக்குள் முட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு, தெளிவாக, ஏழு. பெரியவை எதுவும் இல்லை, வழி அடைக்கவில்லை, போடுவதற்கு மண் கிடைக்காமல் அடக்கி வைத்திருக்கிறது என்றார். இதற்குத்தான் முட்டை அடைப்பு என்கிறார்கள். தொட்டியில் தனியாக வளரும் ஆமைக்கு இது வருவதற்கான காரணங்கள் எளிமையானவை. தோண்ட இடம் இல்லை, சுண்ணாம்புச் சத்து குறைவு, வெயில் படவில்லை. சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் முட்டை ஓடும் சரியாக வராது, முட்டையைத் தள்ளுகிற தசைக்கும் வலு இருக்காது.

கால்சியம் ஊசி போட்டு, வீட்டில் மண் தொட்டி தயார் செய்யச் சொன்னார். அதிலும் போடவில்லை என்றால் முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஆக்சிடோசின் ஊசி, அதற்கும் மசியவில்லை என்றால் அறுவை சிகிச்சை என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். அறுவை என்றதும் எனக்குக் கை நடுங்கியது. சில நேரம் அடி ஓட்டையே அறுத்துத் திறக்க வேண்டியிருக்குமாம்.

என் கணவர் அன்றைக்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பை பால்கனியில் வைத்தார். ஆற்று மணலும் தோட்ட மண்ணும் கலந்து முக்கால் அடிக்கு மேல் நிரப்பினோம். ஆமை நீளத்துக்குக் குறையாத ஆழம் வேண்டும். கையில் பிடித்தால் பிடி நிற்கிற அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. காலை வெயில் படும் பக்கம் பார்த்து வைத்து, பாதியைத் துணியால் மறைத்தோம். ஆள் நின்று பார்த்தால் அது தோண்டாது. வெளியில் தெரியாமல் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பின்னங்காலாலேயே குழி பறித்தது, மூத்திரத்தை விட்டு மண்ணை இளக்கியது, ஒவ்வொரு முட்டையாகக் காலால் தாங்கி உள்ளே இறக்கியது, பிறகு மூடி மிதித்தது. யாரும் சொல்லித்தரவில்லை, தாயைப் பார்த்ததும் இல்லை. நான் அழுதேன்.

குழியைத் தோண்டி எண்ணிப் பார்த்தால் ஐந்துதான். எக்ஸ்ரேயில் இருந்தது ஏழு. மறுபடி மருத்துவரிடம் போய், ஆக்சிடோசின் போட்ட பிறகுதான் மீதி இரண்டும் வந்தன. இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், தண்ணீரில் நான்கு கிடக்கிறது என்பதால் நான்கோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்லைடர் ஒரு தடவையில் 2 முட்டையும் போடும், 20 முட்டையும் போடும். சில வாரம் கழித்து அடுத்த ஈடும் வரலாம். தண்ணீரில் போடுவதே மண் கிடைக்காமல், வேறு வழியில்லாமல் போடுவது. அதனால் உள்ளே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அமுக்கி எடுக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

இனி கோயில் குளத்துக்கு வருகிறேன். செல்லி முட்டை போட்ட செய்தி குடும்பத்தில் பரவியதும், என் கணவர் வழியில் ஒரு பெரியம்மா வந்தார். ஆமை வந்த நாளிலிருந்தே அவருக்குப் பிடிக்காது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பதை எங்கள் வீட்டு வாசலில் நின்று எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. கணவருக்கு வேலை போனபோது ஆமை காரணம். மாமனாருக்குக் காலில் அடிபட்டபோதும் ஆமை காரணம். அன்றைக்கு முட்டையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "வாயில்லா ஜீவனே முட்டை போட்டுடுச்சு" என்றார். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. கூடத்தில் இருந்த ஒருவர்கூட அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காபி கொண்டு வந்து வைத்ததும் நான்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததை எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் உங்கள் கேள்வியில் "பெரியவர்கள் சொல்கிறார்கள்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பெரியவர்களை மதிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் கச்சபேசுவரர் கோயில் இருக்கிறது, திருமால் ஆமை வடிவில் சிவனைப் பூசித்த தலம். அங்கே போய்க் கும்பிடுகிறோம். வாஸ்து என்று பித்தளை ஆமையைத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஹாலில் வைக்கிறோம். உயிருள்ள ஆமை பெட்டைக்கோழி மாதிரி ஒரு ஓரத்தில் இருந்தால் மட்டும் குடும்பம் கெட்டுவிடுமா? வீட்டில் நடக்கிற கெட்டதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாத ஜீவன் மேலேயும், பதில் சொல்ல முடியாத மருமகள் மேலேயும் பழி போடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி. குளத்தில் விடுவது பரிகாரமில்லை, கேடு. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியைத் தடை செய்தது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் கால்வாயில் பிடிபட்டபோது, பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வளர்க்க முடியாதவர்கள் வெளியில் விடாமல் தங்களிடம் கொடுக்கச் சொன்னது. மீன் குஞ்சு, தவளை, நீர்ச்செடி என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். வெயில் காய்கிற கல்லிலிருந்து பாலாமையைத் தள்ளிவிடும். பெண் என்றால் குளக்கரை மண்ணில் வருடா வருடம் முட்டையும் போடும்.

பொரிக்க வைப்பதையும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். உங்கள் முட்டைகள் தண்ணீரில் கிடந்தவை, கரு இருந்திருந்தாலும் மூச்சு முட்டி இறந்திருக்கும். அப்படியே நல்ல முட்டை கிடைத்தாலும், ஒவ்வொரு குஞ்சும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து 25, 30 வருடம் வாழும். யார் வளர்ப்பது? கடைக்குக் கொடுத்தால் அங்கிருந்து வாங்குபவர் சலித்துப்போய் ஏரியில்தான் விடுவார்.

ஆசைக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சொல்கிறேன். ஆமை முட்டையை மண்ணில் இருந்தபடியே எடுக்க வேண்டும், மேல் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு, திருப்பாமல் வைக்க வேண்டும். முதல் நாளைக்குள் கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு புரட்டினால் செத்துவிடும். சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் 1988 முதல் கடலாமை முட்டைகளைக் காக்கிற மாணவர்கள், அன்றிரவே முட்டையைக் காப்பிடத்துக்கு மாற்றுவது அதனால்தான். ஸ்லைடருக்கு ஏறத்தாழ 60 முதல் 80 நாள் ஆகும். 29 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆண் அதிகம், மேலே போனால் பெண் அதிகம்.

என் முட்டைகளை நான் வாழைத் தொட்டி மண்ணில் புதைத்தேன். ஆணோடு இருந்த ஆமையின் முட்டை, கரு இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால், போட்ட அன்றே மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்துவிட்டுப் புதையுங்கள். இது கொலை என்று சிலர் சொல்லக்கூடும். முதல் நாள் முட்டையில் வலி உணரும் எதுவும் உருவாகியிருக்காது, இதை எழுத எனக்குத் தயக்கம் இல்லை. டப்பாவைச் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்க்காதீர்கள். ஆமையிடமும் முட்டையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளை விற்பதை அமெரிக்கா 1975ல் தடுத்ததே குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பரவியதால்தான்.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள், உடைந்த முட்டை இருந்தால் சீக்கிரம் நாறிவிடும். மண் டப் ஒன்று வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓடுதான் அது, ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் கடித்துக்கொள்ளும். நெத்திலியை முள்ளோடு கொடுங்கள். காலை வெயிலில், நிழலுக்கும் போக வழி வைத்து, தினமும் கொஞ்ச நேரம் விடுங்கள். கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது.

இரண்டு நாளில் சாப்பிட ஆரம்பித்து நன்றாக நீந்தினால் பயமில்லை. சோர்ந்து கிடந்தாலோ, முக்கினாலோ, வால் பக்கம் சதை வெளியே தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனையும் இருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே மறுத்தால் அங்கே போங்கள். எடுத்துப் போகும்போது வாளித் தண்ணீரில் வைக்காமல், ஈரத் துண்டு விரித்த மூடிபோட்ட டப்பில், காற்றுக்கு ஓட்டை போட்டு வையுங்கள். எத்தனை முட்டை வெளியே வந்தது என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் மீதி எத்தனை என்று பார்க்க அவருக்கு அது வேண்டும்.