‘மாடு கட்டியாச்சோ?’: தம்பியின் மருந்துக்காக நான் அனுப்பும் குறுஞ்செய்தி

“போதைப்பொருள் பாவிக்கும் எச்.ஐ.வி. தொற்றாளர் ஒருவர் மருந்தைத் தவறாமல் எடுப்பதற்குக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி உண்மையிலேயே உதவுமா? வன்னி போன்ற இடத்தில் இதைச் செய்ய முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். ஆனால் பதில் வருகிறதா என்று மறுமுனையில் ஒருவர் காத்திருந்தால்தான் உதவும். என் தம்பிக்கு நான்கு ஆண்டுகளாக இந்தச் செய்தியை அனுப்பி வருகிறேன். அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பின்னரே, ஊரின் பெயரை மட்டும் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

எங்களுடையது வட இலங்கையின் வன்னியில், ஏ-9 வீதிக்கு மேற்கே, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஒரு கிராமம். தம்பி முதலில் தூள் என்று பொடியன்கள் சொல்லும் ஹெரோயினையும், பிறகு ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமினையும் பாவித்தான். கிட்டடியில் கிளினிக் இருந்தாலும், தெரிந்த முகம் எதிர்ப்படும் என்ற பயத்தில் மாங்குளம் சந்தியில் பஸ் மாறி வவுனியாவுக்கே போய் வருகிறான். இலங்கையில் எச்.ஐ.வி. மருந்து 2004 முதல் அரச செலவில் இலவசமாகக் கிடைக்கிறது. அவனுக்குக் கொடுத்திருப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த, நாளுக்கு ஒன்று என்ற ஒற்றைக் குளிசை. கேட்பவருக்கு இதிலென்ன சிரமம் என்று தோன்றும். ஐஸ் எடுத்து இரண்டு மூன்று நாள் கண் மூடாமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் முழுவதும் அடித்துப் போட்டதுபோல் உறங்கும் ஒருவனுக்கு, ஒரு நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது என்பதை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

தொடக்கத்தில் நான் பெரும் பிழை ஒன்று விட்டேன். ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்கு “மருந்து எடுத்தியா?” என்று எழுதி அனுப்பினேன். அவனிடம் இருந்த பட்டன் போனில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரிந்ததால், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன். ஒரு நாள் தேத்தண்ணிக் கடை மேசையில் அந்தப் போன் கிடக்க, பக்கத்தில் இருந்தவன் எடுத்து வாசித்து, “என்னடா மருந்து?” என்று எல்லோரும் கேட்கக் கேட்டிருக்கிறான். தம்பி இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. அவன் திரும்பி வந்தபோது, என்ன எழுதி அனுப்பினால் உனக்குப் பயமில்லை என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “மாடு கட்டியாச்சோ எண்டு கேளுங்கோ அக்கா” என்றான். எங்கள் வீட்டில் மாடு நிற்பது ஊரறிந்த விடயம். எடுத்திருந்தால் “கட்டியாச்சு”, தவறவிட்டால் “கயிறு அறுந்திட்டுது” என்று பதில் அனுப்புவதாகப் பேசிக்கொண்டோம்.

அந்த இரண்டாவது பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. கயிறு அறுந்த நாட்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்து, பிறகு அவனோடு இருந்து பார்த்தபோது, அவை பெரும்பாலும் அவன் மறந்த நாட்கள் அல்ல என்று தெரிந்தது. தூள் எடுத்த நாளில் குளிசையையும் போட்டால் இரண்டும் உடம்புக்குள் சேர்ந்து நஞ்சாகிவிடும் என்று நம்பி, அவன் வேண்டுமென்றே விட்டிருந்தான். இப்படி நம்பி மருந்தை விடுபவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். எந்த நினைவூட்டலும் இந்த நம்பிக்கையை அசைக்காது. அடுத்த கிளினிக்கில் வைத்தியர் அவனை இருத்தி வைத்து, என்ன பாவித்திருந்தாலும் அன்றைய குளிசையை விடக்கூடாது, மருந்து விட்டுப்போகும் நாட்களில்தான் வைரஸ் பெருகி மருந்துக்கு அடங்காத வகையாக மாறுகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒரு வார்த்தைகூட ஏசாமல் சொன்னார் என்பதை நன்றியோடு எழுதுகிறேன்.

ஆய்வுகளைப் பின்னர்தான் தேடி வாசித்தேன். கென்யாவில் 538 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கு ஒரு முறை “மாம்போ?” என்று, அதாவது எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். சுகம் என்றால் “சாவா”, பிரச்சினை என்றால் “ஷீடா” என்று 48 மணித்தியாலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். பிரச்சினை என்றவரையும் பதில் அனுப்பாதவரையும் தாதி தொலைபேசியில் அழைப்பார். செய்தி பெற்றவர்களில் 57 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வைரஸ் கட்டுக்குள் இருந்தது. மாறாக, தென்னிந்தியாவில் 631 பேருக்குக் கிழமைதோறும் தானியங்கிக் குரல் அழைப்பும் படச் செய்தியும் அனுப்பி 2014இல் வெளியிட்ட ஆய்வில் பயன் எதுவும் தென்படவில்லை. இடமும் ஆட்களும் வேறு என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். என்றாலும், இயந்திரம் கூப்பிடுவதற்கும் ஒரு மனுசி பதிலுக்குக் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் எங்கள் வீட்டிலேயே கண்டிருப்பதால், அந்த முடிவு எனக்கு வியப்பாக இல்லை. இவை போதைப்பொருள் பாவிப்பவர்களை மட்டும் வைத்துச் செய்தவை அல்ல. அவர்களைச் சேர்த்து அமெரிக்காவின் கிராமப்புறத்தில் செய்த ஒரு சிறிய ஆய்வில், 63 பேரே பங்குபற்றினாலும், செய்திகளின் வாசகத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ள விட்டபோது மருந்து எடுப்பது கூடியது.

தினமும் அனுப்புவதை நானும் கைவிட்டேன். நாள்தோறும் வரும் செய்தி சில கிழமைகளில் காதில் விழாத மணியாகிவிடுகிறது. இப்போது ஞாயிறு மாலை மட்டும், மாடு பட்டிக்கு வரும் நேரத்தில் அனுப்புகிறேன். கடைசியாகச் செய்த இரண்டு பரிசோதனைகளிலும் அவன் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த நிலை நீடிக்கும்வரை பாலுறவு வழியாகத் தொற்று இன்னொருவருக்குப் போகாது என்று தாதி சொன்னபோது, அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். ஊசியைப் பகிர்வதற்கு அந்த உறுதி பொருந்தாது என்பதையும் அவர் கையோடு சொல்லி அனுப்பினார்.

வன்னியில் இதைத் தொடங்குவதானால், போன் ஓரிடத்தில் நிற்காது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். கையில் காசு முடிந்தால் முதலில் ஈடு வைக்கப்படுவது அதுதான். ஒரு ஞாயிறு என் செய்திக்கு, “பிழையான நம்பர் அக்கா, இந்தப் போன் நான் நேற்று வாங்கினது” என்று யாரோ ஒரு பிள்ளை பதில் அனுப்பியது. வாசகத்தில் நோயின் பெயர் இருந்திருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நெஞ்சு பதறுகிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 70 குறியீடுகளே அடங்கும், அதில் கொம்பும் காலும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் வாசகத்தைக் குறுக்குங்கள். மருந்து எடுப்பவர் நம்பும் இன்னொருவரின் இலக்கத்தையும், பதில் வராவிட்டால் அந்த ஆளை அழைக்கலாம் என்ற சம்மதத்தையும் அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் போனும் போய்விடும், குளிசைப் போத்தலும் வீட்டில் கிடந்துவிடும். அப்படி ஒரு முறை நடந்தபோது, எங்களிடம் அந்த இரண்டாவது இலக்கம் இருந்ததால்தான் விடயம் மூன்றாம் நாளே தெரியவந்து, கிளினிக்குக்குச் சொல்லி மருந்தை உள்ளே சேர்ப்பிக்க முடிந்தது.