அரைப் பக்கத்தில் ஒரு மசோதா

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டில் இ-சேவை மையம் நடத்துகிறேன். விதைச் சட்ட வரைவு பற்றி நீங்கள் எழுதிய விளக்கத்தை அச்செடுத்து மையத்தின் சுவரில் ஒட்டியிருந்தேன். நான்கு பக்கம். பட்டா, சிட்டா எடுக்க வந்து அரை மணி நேரம் காத்திருப்பவர்கள்கூட முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. தக்காளி பயிரிடும் பெரியவர் ஒருவர், "இது நமக்கு நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லப்பா" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பில் "இனி வீட்டு விதையை விற்றால் 30 லட்சம் அபராதம்" என்று ஒரு செய்தி ஓடுகிறது. "விவசாயிக்கு ஒரு தடையும் இல்லை" என்று அதற்கு மறுப்பும் ஓடுகிறது. இரண்டும் ஒரே வரி என்பதால் எல்லோருக்கும் மனப்பாடம். நீங்களோ வரிக்கு வரி 'ஆனால்' போடுகிறீர்கள். டெல்லியிலிருந்து வரும் ஒவ்வொரு மசோதாவுக்கும், நல்லதா கெட்டதா என்ற முடிவோடு, அரைப் பக்கத்தில் விளக்கம் எழுதக் கூடாதா? இன்னொரு கேள்வி: நம்மைப் போன்றவர்கள் கருத்து அனுப்பினால் அங்கே யாராவது படிப்பார்களா?

ம., பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

அரைப் பக்கத்தில் எழுத முடியும். எல்லோருக்கும் சேர்த்து அரைப் பக்கத்தில் எழுத முடியாது. நீங்கள் ஒட்டிய நான்கு பக்கத்துக்குள் நான்கு பேர் இருக்கிறார்கள்: கடையில் விதை வாங்குபவர், வீட்டு விதையைக் காப்பவர், நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், விதைக்கடைக்காரர். அந்தப் பெரியவர் முதல் பக்கத்தோடு நின்றதில் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. அவருடைய பகுதி அதிலேயே முடிந்துவிட்டது.

வாட்ஸ்அப் வரிகளுக்கு வருகிறேன். 30 லட்சம் என்ற எண் பொய் அல்ல. 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் கருத்துக் கேட்புக்கு வெளியிட்ட வரைவில், கடுமையான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பு அது. கூடவே 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. போலி விதை விற்பவர், பதிவு இல்லாமல் விதை வணிகம் செய்பவர் போன்றோரைக் குறிவைத்தது அந்தத் தண்டனை. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு உச்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய். அதை உயர்த்த வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. வாட்ஸ்அப் வரி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யார் தலையில் விழும் என்பதை விட்டுவிட்டது.

மறுப்பு வரியும் அதே வேலையைத்தான் செய்கிறது. விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்று வரைவில் இருக்கிறது. வணிகப் பெயரிட்டு, அதாவது 'பிராண்ட்' பெயரில், விற்கக் கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. மறுப்பு எழுதியவர் முதல் பாதியோடு பேனாவை மூடிவிட்டார்.

மசோதாவுக்கும் குலம் கோத்திரம் உண்டு. அதை விசாரிக்காமல் விளக்கம் எழுத உட்காரக் கூடாது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒருவர் தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே வைத்து, விதைக்கப்போகிறவருக்கு நேரடியாகக் கொடுத்தால் அதை இந்தச் சட்டம் தொடாது என்கிறது. விற்பவர் யார் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. எங்கே விற்றார், யாருக்கு விற்றார் என்றுதான் கேட்டது. 2004 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்த விதை மசோதா அந்தக் கேள்வியையே மாற்றிவிட்டது. விற்பவர் விவசாயியா என்று கேட்டது. விவசாயி என்றால் விற்கலாம், ஆனால் வணிகப் பெயர் கூடாது, முளைப்புத்திறனும் தூய்மையும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று இரண்டு நிபந்தனை வைத்தது. குதிரிலும் பானையிலும் விதை காப்பவர் முளைப்புச் சதவீதத்துக்கு எங்கே போவார்? எதிர்ப்பு கிளம்பியது. 2019-இல் வந்த வரைவில் விவசாயிக்கு அந்த அளவு நிபந்தனை இல்லை. வணிகப் பெயர் நிபந்தனை மட்டும் நின்றது.

இப்போது பாருங்கள். "விவசாயி தன் விதையை விற்கலாம்" என்ற ஒற்றை வரி இந்த மூன்றுக்கும் பொருந்தும். மூன்றும் ஒன்றா?

சித்தேரி மலையில் சாமை விதையைப் பக்கத்து வீட்டுக்குப் படியால் அளந்து கொடுக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 வரைவிலும் 2025 வரைவிலும் அவர் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே பெண் ஊரில் பத்துப் பேரோடு குழுவாகச் சேர்ந்து, எல்லோரிடமும் சாமை விதையை வாங்கி, கிலோ பையில் கட்டி, பையின் மேல் குழுவின் பெயரை அச்சடித்து அரூரில் விற்கிறார் என்று வையுங்கள். இப்போது அவர் விவசாயியா? 2004 மசோதாவின் வரையறைப்படி, விதையைக் கொள்முதல் செய்து வணிகமாக விற்பவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். பையில் இருக்கும் குழுவின் பெயர் வணிகப் பெயரா? 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பொட்டலத்தில் போட்டு, அந்தச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ரகம் என்று காட்டும்படி சீட்டு ஒட்டினால்தான் அங்கே தடை. ஊர்ச் சாமைப் பையில் குழுவின் பெயர் இருப்பது அந்தக் கணக்கில் வராது. ஆனால் ஒரு சட்டத்தில் இருக்கும் விளக்கம் இன்னொரு சட்டத்துக்குத் தானாக நடந்து வந்துவிடாது. அந்தக் குழுவுக்கு நான் எழுதும் அரைப் பக்கத்தில் இந்த ஒரு சங்கதிதான் இருக்கும்: பையில் பெயர் போடலாமா என்று தெளிவாகச் சொல்லும் வாசகத்தைக் கேளுங்கள்.

சந்தூர்ப் பக்கம் மாங்கொட்டையை முளைக்கவைத்து, அதில் செந்தூராவையும் பெங்களூராவையும் ஒட்டுக்கட்டி விற்பவருக்கு இதே மசோதா முற்றிலும் வேறு முகம் காட்டும். அவருக்குத் தானிய விதை பற்றிய பேச்சே வேண்டாம். 2004 மசோதா தோட்டக்கலை நாற்றுப்பண்ணைகள் பதிவு செய்ய வேண்டும் என்றது. அத்தோடு விடவில்லை. தாய்மரம் எங்கிருந்து வந்தது, அது எப்படிக் காய்க்கிறது என்று பதிவேடு வைக்க வேண்டும், வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் பண்ணையில் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் வைக்க வேண்டும் என்றது. 2025 வரைவும் நாற்றுப்பண்ணையைப் பதிவுக்குள் கொண்டுவருகிறது. இது கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெங்களூரா என்று சொல்லி விற்ற கன்று ஐந்து வருடம் கழித்து வேறு எதையோ காய்க்கும்போது ஏமாந்து நிற்பவரும் விவசாயிதான். ஆனால் வீட்டுக் கொல்லையில் ஆயிரம் கன்று வளர்ப்பவருக்கும், பல ஏக்கரில் லாரி லாரியாக ஏற்றுமதி செய்பவருக்கும் ஒரே பதிவேடா என்பதை அவர் கேட்டே ஆக வேண்டும். அவருடைய அரைப் பக்கம் அது.

உங்கள் தக்காளிப் பெரியவர் விதையைச் சேமிப்பவரே அல்ல. வீரிய ஒட்டுரக விதையோ குழித்தட்டு நாற்றோ, போகத்துக்குப் போகம் காசு கொடுத்து வாங்குகிறார். வீட்டு விதை அபராதம் பற்றிய வாட்ஸ்அப் செய்தி அவருக்குச் சம்பந்தமே இல்லாதது. அதைப் படித்துத்தான் பயந்துபோயிருக்கிறார். அவருக்கு உள்ள கேள்வி ஒன்றுதான்: விதை ஏமாற்றினால் பணம் எங்கிருந்து வரும்? 2004 மசோதாவும் 2019 வரைவும் அவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கச் சொல்லின. விளக்கக் குறிப்புகளில் இது ஒரு சலுகை போல வந்தது. 2012 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம், தேசிய விதைக் கழகம் தொடர்ந்த வழக்கில், விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுபவரிடம் சோதனைக்கு விதை கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆக, கையில் ஏற்கெனவே இருந்ததையே மறுபடி கையில் வைத்தார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால் 'நல்லது' என்று எழுதியிருப்பீர்கள். அது தவறும் அல்ல. ஆனால் பெரியவருக்கு அதனால் ஒரு ரூபாய் கூடுதலாக வரப்போவதில்லை. மசோதா வந்தாலும் வராவிட்டாலும் விதைப் பொட்டலத்தையும் கடை ரசீதையும் அறுவடை முடியும்வரை எறியாமல் வைத்திருங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். பொட்டலத்தில் இருக்கும் தொகுதி எண் ('லாட்' எண்) இல்லாமல் வழக்கை நகர்த்துவது கடினம்.

இப்படி ஆளுக்கு ஒரு அரைப் பக்கம் எழுத உங்களாலேயே முடியும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் யார் யார் என்னென்ன தொழில் செய்கிறார்கள் என்று. மசோதாவின் கடைசியில் நோக்கங்கள், காரணங்கள் என்று ஓர் அறிக்கை இருக்கும். பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் எழுதப்படுகின்றன. அதைக் கடைசியாகப் படியுங்கள். அதில் எல்லா மசோதாவும் நல்ல மசோதாதான். வரையறைகளிலிருந்து தொடங்குங்கள், உங்கள் ஆள் அந்தச் சொல்லுக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு தண்டனைகள், விலக்குகள். அதன்பின் எதையெதை அரசு பின்னால் விதியாகவோ அறிவிக்கையாகவோ போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கென்றே மசோதாவின் பின்பகுதியில் ஒரு குறிப்பாணை இணைத்திருப்பார்கள். யாரும் படிக்காத பக்கம் அது. எனக்கு அதுதான் முதல் பக்கம்.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்தபோது, ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்தது என்று எல்லா விளக்கங்களிலும் இருந்தது. உண்மைதான். 300 அல்லது அரசு அறிவிக்கும் அதைவிடக் கூடுதலான எண்ணிக்கை என்பதுதான் சட்டத்தின் வாசகம். இரண்டாம் பாதியை எழுதியவர்கள் குறைவு. நாளைக்கு அந்த எண்ணை உயர்த்த நாடாளுமன்றத்தில் ஒரு கை உயர வேண்டியதில்லை, அறிவிக்கை போதும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு 2020 செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ஆம் தேதி. நடுவில் ஐந்து ஆண்டுக்கு மேல் பழைய சட்டம்தான். இதைச் சொல்லாத துண்டறிக்கையைப் படித்துவிட்டு இல்லாத சட்டத்துக்குப் பயந்தவர்கள் எத்தனை பேரோ.

எளிய விளக்கம் தருவது உங்களுக்கும் எனக்கும் விதிக்கப்பட்ட வேலை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் ஒன்றிய அரசே வகுத்த கலந்தாய்வுக் கொள்கைப்படி, ஒரு மசோதாவின் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், முக்கியப் பிரிவுகளை எளிய மொழியில் விளக்கும் குறிப்பு அதோடு இருக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். கொள்கைதான், சட்டம் அல்ல; அதனால் தாண்டிப்போவதும் எளிது. மூன்று வேளாண் சட்டங்கள் 2020 ஜூனில் அவசரச் சட்டமாகவே வந்து இறங்கின. செப்டம்பரில் சட்டமாகி, அடுத்த ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. எளிய மொழி என்று சொன்னார்களே தவிர நம் மொழி என்று சொல்லவில்லை. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது, அதை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் பெயர்த்து வெளியிடும்படி ஜூன் 30-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த நிலையில் பாலக்கோட்டுச் சுவரில் தமிழில் நான்கு பக்கம் இருந்ததே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது, நீங்கள் கோபித்துக்கொண்டாலும்.

அனுப்பும் கருத்தைப் படிப்பார்களா என்று கேட்டீர்கள். "இந்த மசோதாவைக் கண்டிக்கிறோம்" என்ற ஒரே வாசகத்தில் வந்து குவியும் மின்னஞ்சல்களை எண்ணிக்கையாகத்தான் பார்ப்பார்கள். எண்ணிக்கைக்கும் பயன் உண்டு. ஆனால் 2004 மசோதாவின் முளைப்புத்திறன் நிபந்தனை போல ஒரு வாசகம் நீக்கப்பட வேண்டுமானால், அந்த வாசகத்தையே பிடித்து இழுக்க வேண்டும். எந்த உட்பிரிவு என்று எண்ணைப் போடுங்கள். அது உங்கள் ஊரில் யாரை எப்படித் தொடும் என்று நான்கு வரி எழுதுங்கள். அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதலாம், கீழே ஆங்கிலத்திலும் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள், மொழியைச் சாக்குச் சொல்லி ஒதுக்க இடம் கொடுக்க வேண்டாம். அமைச்சகத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் அந்தக் குழுவும் பொதுமக்களிடம் கருத்து கேட்டு விளம்பரம் செய்வதுண்டு. அப்போது அதே கடிதத்தின் தேதியை மாற்றி மறுபடி அனுப்புங்கள். ஒரு நகலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.